சம்பந்தி வீட்டுத் தரை

பழைய பஞ்சு குடோனை என்ன செய்வது என்று நகரசபை ஊராரிடமே கேட்டுவிட்டது. பொது நூலகம் கட்டலாம், வீட்டு வரி கொஞ்சம் ஏறும். இல்லையென்றால் வணிகர் சங்கத்துக்கு விற்றுவிடலாம், அவர்கள் கடை வளாகம் கட்டிக்கொள்வார்கள். எது வேண்டும் என்று ஊரே ஓட்டுப் போட்டுச் சொல்ல வேண்டும்.

மார்பிள்காரருக்கு இதில் லாப நஷ்டக் கணக்கு ஏதுமில்லை. நூலகமானாலும் கடையானாலும் தரை போட்டாக வேண்டும். பெரிய தரை வேலை என்றால் ஊரில் அவரை விட்டால் ஆளில்லை. ஆனாலும் அவர் மனசு நூலகத்தின் பக்கம்தான் இருந்தது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு சிமெண்ட் சட்டி தூக்கப் போனவர் அவர். மகள் பட்டம் வாங்கியபோது தெருவில் போகிறவனைக்கூட நிறுத்திச் சொன்னவர். "படிக்கிற பிள்ளைங்களுக்கு உக்கார ஒரு எடம் வேணும்ல" என்று மனைவியிடமும் மகளிடமும் சொல்லிவைத்திருந்தார்.

அந்த மகள் கூடப் படித்தவனையே கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா இருவரும் கல்லூரிப் பேராசிரியர்கள். பணத்தில் பார்த்தால் மார்பிள்காரர் அவர்களை இரண்டு தடவை விலைக்கு வாங்கலாம். ஆனால் அந்த வீட்டுக்குள் கால் வைத்தாலே கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் போய்விடும் அவருக்கு. பேராசிரியர் வாய் நிறைய "சம்பந்தி" என்பார். இவர் வாயில் "சார்" என்றுதான் வரும்.

நூலகத்துக்காக ஓடியாடிக்கொண்டிருந்தவர்களில் பேராசிரியர்தான் முன்னால் நின்றார். ஓட்டுக்கு இரண்டு வாரம் இருக்கையில் நண்பர்களை வீட்டுக்கு அழைத்தார். "நீங்களும் அவசியம் வரணும் சம்பந்தி" என்று போன் செய்தார்.

மார்பிள்காரர் மடிப்புக் கலையாத சட்டையும் கையில் தங்கக் கடிகாரமுமாக மனைவியோடு போனார். அங்கே எல்லாரும் கசங்கின பருத்தித் துணியில் இருந்தார்கள். பிரம்பு நாற்காலிகள் தாழ்வாக இருந்தன. உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. சுவரில் இரண்டு கறுப்புக் கோடுகளும் ஒரு சிவப்புப் புள்ளியும் கொண்ட படம். அதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை. அவர் கண் போனது தரைக்கு. வீடு முழுக்க வெறும் சிமெண்ட். பாவம், கல்யாணச் செலவில் கை வறண்டுபோய் முடிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று நினைத்தார். மனசு இளகிப்போனது.

"சார், தரைய இப்படியே போட்டு வச்சிருக்கீங்களே. ஒரு வார்த்த சொன்னா ஆள அனுப்பி முடிச்சுக் குடுத்துடுவேன். செலவப் பத்தி யோசிக்காதீங்க, நம்ம பிள்ளைங்க இருக்கிற வீடுதான."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் ஒருவர் கண்ணிலிருந்து இன்னொருவர் கண்ணுக்கு ஏதோ ஒன்று போய்த் திரும்பியது. சம்பந்தியம்மா ரொம்ப மென்மையாக, "இல்லைங்க, நாங்க விரும்பித்தான் இப்படி விட்டிருக்கோம். பளபளன்னு இருந்தா எங்களுக்கு ஒத்துவராது" என்றார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். தன் வீட்டு வாசற்படியிலிருந்து குளியலறை வரை பளபளக்கும் வெள்ளைக் கல் மார்பிள்காரரின் நினைவுக்கு வந்தது. அங்கே வந்தபோதெல்லாம் இவர்கள் "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது.

பிறகு பேச்சு நூலகத்துக்குத் திரும்பியது. உழைக்கிற மக்கள், உழைக்கிற மக்கள் என்று ஆளுக்கொரு தடவை சொன்னார்கள். அந்த அறையில் இருந்தவர்களில் வெயிலில் நின்று வேலை பார்த்த ஒரே ஆள் தான்தான் என்று அவருக்குப் பட்டது. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் கண்ணாடி போட்ட ஒரு வக்கீலம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"உங்க ஆட்கள்கிட்ட நீங்கதான் எடுத்துச் சொல்லணும். நாங்க சொன்னா அவங்களுக்குப் புரியாது. நீங்க அவங்க பாஷையில சொல்லிடுவீங்க."

"சொல்லிடலாம்மா" என்றார் மார்பிள்காரர்.

வண்டியில் திரும்பும்போது பாதி வழியில் தங்கக் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். பிறகு, "வரி ஏத்துவானுங்களாம். அவனுங்க உக்காந்து கத பேச நாம வரி கட்டணுமா?" என்றார்.

மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நேத்து வரைக்கும் இனிச்சது இன்னைக்குக் கசக்குதாக்கும். மூட்டப்பூச்சி கடிச்சதுன்னு வீட்டையா கொளுத்துவாங்க?"

"எந்த மூட்டப்பூச்சி? அதெல்லாம் ஒண்ணுமில்ல."

வணிகர் சங்கத்துக்காரர்கள் மோப்பம் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள். நான்காம் நாள் வந்து கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கே நாற்காலி உயரமாக இருந்தது. "முதலாளி, முதலாளி" என்று தாங்கினார்கள். அவருடைய கடிகாரம் என்ன விலை என்று ஒருவர் ஆசையாகக் கேட்டார். மைக்கைக் கையில் கொடுத்ததும் அவருக்கே தெரியாமல் பேச்சு வந்தது. "பசிச்ச வயித்துக்குப் புத்தகமா சோறு போடும்? எங்க ஆளுங்களுக்கு வேணும்கிறது வேலை. அவங்க சார்பா நான் சொல்றேன்." கைதட்டல் அடங்க வெகு நேரமானது. அந்த இரவு அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் வேலைத்தலத்தில் ஆட்களைக் கூட்டி, எல்லாரும் கடை வளாகத்துக்கே போட்டுவிடுங்கள் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள், ஒருவனைத் தவிர. அவனுக்கு ரசமட்டம் என்று பட்டப்பெயர். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கிற கருவியின் பெயர் அது. பேசும் முன் தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவான் என்பதால் வந்தது. இருபது வருஷமாக அவரிடம் இருக்கிறான்.

"அண்ணே, நான் நூலகத்துக்குப் போடலாம்னு இருக்கேன்."

"ஏன்டா?"

"எங்க வீட்ல ஒரே ரூம்ணே. டிவி, சமையல், சின்னதுங்க சண்டை எல்லாம் அதுக்குள்ளதான். பெரியவ பரீட்சைக்குப் படிக்க பக்கத்து வீட்டு மாடிப்படியில உக்காருறா. நீங்கதான முன்னாடி சொன்னீங்க, பிள்ளைங்களுக்கு ஒரு எடம் வேணும்னு?"

"உன் நல்லதுக்குத்தான்டா சொல்றேன். உனக்குப் புரியாது" என்றார் மார்பிள்காரர். சொல்லி முடித்ததும் பல்லில் கல் கடிபட்டது போலிருந்தது. ஆனால் மைக்கில் பேசியாகிவிட்டது, ஊரே கேட்டுவிட்டது. ஓட்டன்று போய்க் கடை வளாகத்துக்கே குத்திவிட்டு வந்தார்.

நூலகம் தோற்றது. அவர் ஒருவரால் தோற்றது என்று சொல்ல முடியாது, வித்தியாசம் பெரிது. மகள் மூன்று வாரம் போன் எடுக்கவில்லை. பிறகு மனைவியின் வற்புறுத்தலில் மாப்பிள்ளை வீட்டார் அனைவரும் ஒருநாள் சாப்பிட வந்தார்கள். தண்ணீர் வரத்து, வெயில், பெட்ரோல் விலை எல்லாம் பேசினார்கள். குடோனைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. சாப்பாட்டுக்கு முன் பேராசிரியர் அவரை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார்.

"சம்பந்தி, நீங்க மொதல்ல எங்க பக்கம்னு மருமக சொன்னா. அப்புறம் என்ன ஆச்சு? வரிதான் பிரச்சினையா?"

வரி என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவர் அதைத்தான் சொல்ல வாயெடுத்தார். வேறு வந்துவிட்டது.

"அன்னைக்கு நான் தரையப் பத்திச் சொன்னப்ப நீங்க எல்லாரும் சிரிச்சீங்க."

"யாரும் சிரிக்கலையே."

"சிரிக்கலதான். சிரிச்சிருந்தா நானும் கூடச் சிரிச்சிட்டுப் போயிருப்பேன்."

பேராசிரியர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் மெல்லச் சிவந்தது. "அதுக்காகவா? ஒரு ஊரோட நூலகத்த அதுக்காகவா?"

"அதுக்காகத்தான்."

"முட்டாள்தனம். சுத்த முட்டாள்தனம். எத்தன வருஷ உழைப்பு தெரியுமா அது? உங்க வீட்டுப் பொண்ணு தெருத்தெருவா அலைஞ்சா." அவர் குரல் கீழ்வீடுவரை போனது. இத்தனை நாளில் அவர் குரல் உயர்ந்து மார்பிள்காரர் கேட்டதேயில்லை.

"ஆமா, முட்டாள்தனம்தான். ஆனா என் ஆளுங்கள எங்கிட்ட விட்டுட்டீங்கள்ல, நீங்க ஒருத்தராவது அவனுங்ககிட்ட வந்து பேசினீங்களா? நானும் கேக்கல, நீங்களும் கேக்கல. ரசமட்டத்தோட பொண்ணு மாடிப்படியில உக்காந்து படிக்குது."

"யார் ரசமட்டம்?"

"அதான் சொல்றேன்."

சத்தம் கேட்டு மார்பிள்காரரின் மனைவி படியேறி வந்தாள். "என்ன, சண்டையா?"

"இல்லம்மா, பேசிக்கிட்டிருக்கோம்" என்றார் பேராசிரியர், இன்னும் மூச்சு வாங்கியபடி.

சாப்பாடு ஆறிப்போனது. மேலே இரண்டு பேரும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். நீங்கள் மைக்கில் பேசியது பொய் என்றார் பேராசிரியர். கல்யாணத்தன்று உங்கள் நண்பர்கள் என் ஆட்களோடு பந்தியில் உட்காரவில்லை என்றார் மார்பிள்காரர். ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த வீட்டில் அவரோடு இவ்வளவு நேரம் சம்பந்தி பேசியது அதுதான் முதல் தடவை என்று மார்பிள்காரருக்குப் பிறகுதான் உறைத்தது.

அடுத்த வாரம் அவர் வணிகர் சங்கத்துக்குப் போய், வளாகத்தின் மேல்மாடியில் பிள்ளைகள் படிக்க ஓர் அறை ஒதுக்க முடியுமா என்று கேட்டார். டீ வாங்கிக் கொடுத்து, "பார்க்கலாம் முதலாளி" என்றார்கள். மறுபடியும் கேட்டதற்கும் டீ வந்தது. மேல்மாடியைத் துணிக்கடைக்குப் பேசி முடித்துவிட்டதாக அப்புறம் ரசமட்டம்தான் வந்து சொன்னான்.