பதினெட்டு வீட்டுக் கையெழுத்து

தங்கப்பொண்ணு முப்பத்தாறு வருஷம் நர்ஸாக வேலை பார்த்தவள். அதில் பாதிக்கு மேல் எலும்பு முறிவு வார்டில். இரண்டு தம்பிகளையும் ஒரு தங்கச்சியையும் கரையேற்றிவிட்டு நிமிர்ந்தபோது அவளுக்கு நாற்பத்திரண்டு வயதாகியிருந்தது. அதற்குப் பிறகு அவள் கல்யாணத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுக்கவில்லை. ஓய்வு பெற்ற எட்டு வருஷமாக கே.கே. நகரில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தாள்.

போன ஆடி மாதம் ஒருநாள் காலை குளியலறையில் வழுக்கி விழுந்தாள். விழுந்த வாக்கிலேயே இடுப்பைத் தடவிப் பார்த்தாள், கால் விரல்களை அசைத்துப் பார்த்தாள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, சதைப்பிடிப்புதான் என்று புரிந்துவிட்டது. ஆனாலும் எழுந்து நிற்க இரண்டரை மணி நேரம் ஆயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்து முதலில் போனைத்தான் எடுத்துப் பார்த்தாள். ஒரு அழைப்பும் வந்திருக்கவில்லை. அன்று சாயங்காலம் வரைக்கும் வரவில்லை. அவள் விழுந்ததும் எழுந்ததும் யாருக்கும் தெரியாமலே முடிந்துபோனது.

ஒரு வாரம் கழித்து, ஓசூரில் இருக்கும் தங்கச்சி மகள் சத்யப்ரியாவிடம் பேச்சுவாக்கில் சொன்னாள். அவள் இரண்டே நாளில் ஒரு இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். ஊருக்கு வெளியே, ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோட்டில் இருந்து உள்ளே தள்ளி, வயதானவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு. பெயர் பொன்மாலை. வீட்டைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம். சாப்பாடு, டாக்டர், காவல் எல்லாம் அவர்கள் பொறுப்பு.

"மூணு நாள் தங்கிப் பாருங்க பெரியம்மா. பிடிச்சா இந்த வீட்டக் குடுத்துட்டு அத வாங்குவோம். பிடிக்கலையா, பேசாம வந்துருங்க" என்றாள் சத்யப்ரியா.

பொன்மாலை வாசலில் மேனேஜர் மின்ஹாஜ் காத்திருந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். அவருக்குப் பின்னால் ஒரு பேட்டரி கார் நின்றது. ரயில்வே ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் வயதானவர்களை ஏற்றிக்கொண்டு ஓடுமே, அதே வண்டிதான். கதவு கிடையாது. இரண்டு பக்கமும் திறந்து கிடந்தது. கடைசி வரிசை மட்டும் பின்பக்கம் பார்த்தபடி இருந்தது.

தங்கப்பொண்ணு ஏறி உட்கார்ந்து இடுப்புப் பக்கம் கையை விட்டுத் துழாவினாள். "பெல்ட் எங்க தம்பி?"

"இது இருவது கிலோமீட்டர் வேகம்தான் மேடம் போகும். சைக்கிள் மாதிரி."

"சைக்கிள்ல இருந்து விழுந்தவங்கள நான் நெறையப் பாத்திருக்கேன்."

மின்ஹாஜ் சிரித்தார். ஆர்டர் போட்டிருப்பதாகவும் அடுத்த மாதம் வந்துவிடும் என்றும் சொன்னார். வண்டி ஓட்டிய காளைக்கு ஐம்பது வயதிருக்கும். பேச்சு முடிவதற்குள் வண்டியை எடுத்துவிட்டார். தங்கப்பொண்ணு கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மொத்தம் அறுபது வீடு. எல்லாம் ஒரே மாதிரி மஞ்சள் வண்ணம், முன்னால் ஒரு செம்பருத்திச் செடி. ஆள் இருந்தது பத்தொன்பது வீட்டில்தான். மற்றவை விற்றும் பூட்டிக் கிடந்தன, விற்காமலும் கிடந்தன. சாப்பாட்டுக்கூடம் மேட்டில் இருந்தது. கடைசித் தெருவில் இருந்து நடந்தால் அரை கிலோமீட்டர். அதனால் எல்லோரும் மூன்று வேளையும் வண்டியை நம்பித்தான் இருந்தார்கள்.

அன்று மதியம் சாப்பாட்டுக்குப் போகும்போது பின்பக்க சீட்டில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, கையில் மடித்த செய்தித்தாள். சாப்பிட்டுத் திரும்பும்போதும் அதே இடத்தில் அவரே இருந்தார். நான்கு மணிக்கு அவள் வாசலில் நின்றபோது வண்டி மறுபடியும் போனது. அப்போதும் பின்சீட்டில் அவர்தான்.

"அண்ணே, எங்க போறீங்க?" என்று கேட்டாள்.

"எங்கயும் இல்லம்மா. வண்டி போற எடத்துக்குப் போறேன்" என்றார்.

அவர் பெயர் உக்கிரபாண்டி. பத்திர ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபத்தெட்டு வயது. மனைவி இருளாயியோடு சேர்ந்து இங்கே வீடு வாங்கி வந்தார். வந்த மூன்றாம் மாதம் இருளாயி போய்ச் சேர்ந்தாள். அதில் இருந்து, காலையில் குளித்துவிட்டு வண்டியில் ஏறினால் இருட்டும் வரைக்கும் சுற்றிக்கொண்டே இருப்பார் என்று காளை சொன்னார்.

"ஏறுறவங்க ரெண்டு வார்த்தை பேசுவாங்கள்ல. அதுக்குத்தான்" என்றார் காளை.

"அப்ப அவர முன்னாடி உக்கார வையுங்க. பின்சீட்டு ஆபத்து. கால் ஊன எடமில்ல, புடிக்கக் கம்பி இல்ல."

"சொல்லியாச்சும்மா. கேக்க மாட்டேங்குறாரு."

அவளே சொன்னாள். உக்கிரபாண்டி தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, "முன்னாடி ஒக்காந்தா காளையோட முதுகுதாம்மா தெரியுது" என்றார். கம்பி இல்லாததால் சீட்டின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார்.

மறுநாள் மதியம் அது நடந்தது. சாப்பாட்டுக்கூடத்து மேட்டில் இருந்து இறங்கும் பாதை, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சட்டென்று இடதுபுறம் திரும்பும். வண்டியில் ஐந்து பேர் இருந்தார்கள். தங்கப்பொண்ணு நடு வரிசையில் இருந்தாள். திரும்பும்போது பின்னால் ஏதோ சரிந்த சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்த்தபோது சீட்டில் செய்தித்தாள் மட்டும் கிடந்தது.

காளை வண்டியை நிறுத்திவிட்டு ஓடினார். காவலாளியும் ஓடி வந்தார். இரண்டு பேரும் அவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் போனார்கள்.

"தொடாதீங்க" என்றாள் தங்கப்பொண்ணு. வார்டில் பேசிய குரல் அது. எட்டு வருஷமாக வெளியே வந்திருக்கவில்லை. இரண்டு பேரும் கையை எடுத்துக்கொண்டார்கள்.

வலது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இடுப்பு எலும்பு. இரண்டு தலையணையும் வேட்டியும் கொண்டுவரச் சொன்னாள். கால்களுக்கு நடுவே தலையணையை வைத்துச் சேர்த்துக் கட்டினாள். தலைக்கு நேராகக் குடையை விரித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, தார் ரோட்டில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். உக்கிரபாண்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் விடவில்லை.

"ரொம்ப வலிக்குதாண்ணே?"

"நீ பேசிக்கிட்டே இரும்மா" என்றார்.

என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எலும்பு எப்படி ஒட்டும், எத்தனை நாளில் வாக்கரில் நடக்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஆம்புலன்ஸில் கூடப் போக ஆள் வேண்டும் என்றார்கள். உக்கிரபாண்டியின் மகள் சென்னையில் இருந்தாள், விடிந்துதான் வந்து சேர முடியும். தங்கப்பொண்ணு ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் தாளை நீட்டி, "உறவு என்னன்னு எழுதுங்க" என்றாள். அதே கேள்வியைத் தன் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் பேரிடம் அவள் கேட்டிருப்பாள். பேனாவை வாங்கி, படிவத்தை ஒரு தடவை மேலிருந்து கீழ் வரை படித்தாள். பிறகு 'பக்கத்து வீடு' என்று எழுதினாள். அவர் வீட்டுக்கும் அவள் தங்கியிருந்த வீட்டுக்கும் நடுவே நான்கு பூட்டிய வீடுகள் இருந்தன.

மறுநாள் மகள் வந்தாள். ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள் அப்பாவைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இனிமேல் தனியாக விடமாட்டேன் என்று அழுதாள்.

மூன்று நாள் தங்க வந்தவள் அதற்குள் ஒரு வாரத்தைத் தாண்டியிருந்தாள். மின்ஹாஜிடம் போய், இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள்.

"முதலாளிட்ட சொல்லியிருக்கேன் சிஸ்டர். பண்டிகை முடியட்டும்ங்கிறாரு." இப்போது அவர் மேடம் என்று கூப்பிடவில்லை.

தங்கப்பொண்ணு தங்கியிருந்த வீட்டுக்கு வந்து ஒரு முழுத்தாளில் எழுதினாள். எல்லா சீட்டுக்கும் பெல்ட், ஓரங்களில் தடுப்புக் கம்பி, பின்சீட்டு வரிசையைக் கழற்றிவிடுவது, எல்லோரும் உட்கார்ந்தாயிற்றா என்று கேட்ட பிறகே வண்டியை எடுப்பது, தொட்டிக்குப் பக்கத்தில் நடை வேகத்தில் திருப்புவது. கீழே குடியிருப்போர் கையெழுத்து. பதினெட்டு வீடு. இரண்டு மணி நேர வேலை என்று நினைத்துப் புறப்பட்டாள்.

முதல் வீட்டிலேயே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. காபி போட்டார்கள். காபி முடிந்ததும் பேரனின் கல்யாண வீடியோவைப் போட்டார்கள். இரண்டாவது வீட்டில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் தாளை மூன்று தடவை படித்து, இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தி, அப்புறம் தன் மாத்திரைகளை எல்லாம் மேஜையில் பரப்பி ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டார். மூன்றாவது வீட்டில் கணவன் மனைவி இரண்டு பேரும் அவளிடம்தான் பேசினார்கள், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. அன்று மூன்று கையெழுத்தோடு திரும்பி வந்தாள்.

பரவை மார்க்கெட்டில் காய்கறி மொத்த வியாபாரம் பார்த்த பாண்டியம்மாளின் வீட்டுக்கு மூன்றாம் நாள்தான் போக முடிந்தது. அந்தம்மா தாளை வாங்கியதும் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"என்னன்னு படிச்சுப் பாருங்கக்கா."

"அது கெடக்கு. ஒக்காரு." பாண்டியம்மாள் உள்ளே போய்த் தட்டு நிறைய அதிரசம் கொண்டுவந்து வைத்தார். எதிரே உட்கார்ந்து அவள் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். மார்க்கெட்டில் ஒரு நாளைக்கு எத்தனை பேரோடு மல்லுக்கட்டினேன் தெரியுமா, தொண்டை கட்டிப்போகும் என்றார். கிளம்பும்போது வாசல் வரை வந்தார். "நாளைக்கு வேற எதுக்காச்சும் கையெழுத்து வேணுமாம்மா?" என்று கேட்டார்.

தங்கப்பொண்ணு தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். "இல்லக்கா, இது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள். தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தாள். அந்தம்மா இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்.

ஐந்து நாள் ஆயிற்று பதினெட்டுக் கையெழுத்தும் சேர. தாளை மின்ஹாஜிடம் நீட்டி, "முதலாளி எங்க இருக்காருன்னு சொல்லுங்க, நானே குடுத்துக்கிறேன்" என்றாள்.

அவர் வாங்கி ஒவ்வொரு கையெழுத்தாகப் பார்த்தார். "வேண்டாம் சிஸ்டர். நானே கொண்டுபோறேன்" என்றார். தாளைக் கவரில் போட்டபடி, "அவரு விழுந்த அன்னைக்கு வீட்டுக்குப் போயி எங்க அம்மாட்டகூட சொல்லல. அவங்களும் இந்த வயசுதான்" என்றார்.

"பெல்ட்டெல்லாம் மாட்டுன அன்னைக்குப் போன் போடுங்க. அதுக்கப்புறம் வீடு வாங்குறதா இல்லையான்னு சொல்லுறேன்" என்றாள் தங்கப்பொண்ணு.

பையை எடுத்துக்கொண்டு கே.கே. நகருக்குத் திரும்பினாள். வீட்டைத் திறந்ததும் பூட்டிக் கிடந்த வாடை அடித்தது. எதிர்வீட்டுப் பெண் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு வாரமாக அவள் ஊரில் இல்லாதது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இருபத்துமூன்று நாள் கழித்து மின்ஹாஜ் கூப்பிட்டார். தங்கப்பொண்ணு பஸ் பிடித்துப் போனாள். வண்டியில் ஒவ்வொரு சீட்டாக உட்கார்ந்து பெல்ட்டை மாட்டி இழுத்துப் பார்த்தாள். பின்சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சாமான் வைக்கும் பெட்டி பொருத்தியிருந்தார்கள். காளையை நான்கு தடவை தொட்டிப் பக்கம் திருப்பச் சொன்னாள். நான்காவது தடவை காளை, "போதுமாம்மா?" என்றார். "போதும்" என்றாள். ஆபீஸுக்குப் போய் முன்பணப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

சத்யப்ரியாவுக்குப் புரியவில்லை. "அங்க எல்லாரும் பாவமா ஒத்தையில கெடக்காங்கன்னு நீங்கதான பெரியம்மா சொன்னீங்க. அப்பறம் ஏன்?"

தங்கப்பொண்ணு யோசித்தாள். "அங்க பதினெட்டு வீட்டு அடுப்படியும் எனக்குத் தெரியும்டி. இந்தத் தெருவுல ஒண்ணுகூடத் தெரியாது" என்றாள். தெரிந்தால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று அவளுக்கே தோன்றியது. அதைச் சொல்லவில்லை.

தை மாதம் பால் காய்ச்சினார்கள். சத்யப்ரியா வந்து, சாமான்களை எல்லாம் ஒதுங்க வைத்துவிட்டு மதியமே கிளம்பிவிட்டாள், மறுநாள் வேலைக்குப் போக வேண்டும். அவள் போன கார் வாசலைத் தாண்டியதும் தெருவில் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு பக்கமும் பூட்டிய வீடுகள். தூரத்தில் யானைமலை வெயிலில் வெளிறிக் கிடந்தது. தங்கப்பொண்ணு உள்ளே போய், ஏற்கெனவே துடைத்த சமையல் மேடையை இன்னொரு தடவை துடைத்தாள்.

ஏழு மணிவாக்கில் சென்னைக்குப் போன் போட்டாள். மகள் எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள்.

"யாரு?"

"பொன்மாலையில இருந்து பேசுறேண்ணே. தங்கப்பொண்ணு. நர்ஸம்மா."

"ஆமா, ஆமா." குரல் மெலிந்திருந்தது. வாக்கரில் பாத்ரூம் வரைக்கும் நடக்கிறாராம். எட்டாவது மாடியாம். மகளும் மருமகனும் காலையில் போனால் இருட்டித்தான் வருவார்களாம், இன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் இருக்கிறார்களாம். "நீ அங்கயே வந்துட்டியா? எத்தனாம் நம்பர்?"

"முப்பத்தொண்ணு."

"அதுக்குத் தண்ணி அழுத்தமா வராது. காலையில ஆறு மணிக்கே புடிச்சு வச்சுக்க. சமையக்கட்டு சன்னல் மழைக்கு ஒழுகும், இப்பவே சொல்லி அடைக்கச் சொல்லிரு." வாக்கர் தரையில் உரசும் சத்தம் கேட்டது. "வேற என்னம்மா?" என்றார்.

வேறு ஒன்றும் இல்லை. ஆனாலும் அவள் வைக்கவில்லை. அன்று பால் காய்ச்சியதைச் சொன்னாள், என்ன பாயசம் வைத்தார்கள் என்று சொன்னாள், வந்தவர்கள் யார் யார் என்று ஒவ்வொருவராகச் சொன்னாள். அவர் உம் கொட்டிக்கொண்டே இருந்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆள் ஏற்ற வண்டி வந்து வாசலில் நின்றது. பிறகு வருகிறேன் என்று கையைக் காட்டி அதை அனுப்பிவிட்டு, அவள் தொடர்ந்து பேசினாள்.