மேசையிலிருந்து வந்த குரல்

மார்ச் 11, செவ்வாய்.
இன்றைய தவறு: போன கூட்டக் குறிப்பில், தலைவர் சொல்லாததைச் சொன்னதாக எழுதியிருக்கிறேன். சின்னத் தவறுதான். சின்னதுதானா?

வேலை முடிந்து படிக்கப் போகும் மாலை வகுப்பில், ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து இதை எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டாள் ஊராட்சி எழுத்தர். வேலைக்கு வந்து நாலே மாதம். எந்நேரமும் நோட்டும் கையுமாக இருப்பதால் எல்லோருக்கும் அவள் ‘நோட்டு’.

தலைவர் மேசையில் தலைவரோடு, எந்தப் பதவியும் இல்லாத அவர் வீட்டுக்காரரும் உட்காருவார். அங்கிருந்து யார் வாய் திறந்தாலும் ‘தலைவர்’ என்று எழுதுவது அலுவலகத்தின் பழைய வழக்கம். வீட்டுக்காரர் சொன்னதை நோட்டும் தலை நிமிராமல் அப்படியே எழுதித் தள்ளிவிட்டாள்: ‘புதுக் குழாய் முதலில் கடைவீதிக்கே என்றார் தலைவர்.’ மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று வீடு வீடாகச் சொல்லி ஜெயித்தவர் தலைவர். நாளைக் கூட்டத்தில் அந்தக் குறிப்பில் கையெழுத்து விழுந்தால், குழாய் கடைவீதிக்குப் போய்விடும்.

மறுநாள் காலையில் தலைவர் முன் முதல் ஆளாகப் போய் நின்றாள்.

“அக்கா, தப்பு என்னோடது. இந்த வரியைப் பாருங்க.”

தலைவர் படித்தார். “நான் அன்னைக்கு வாயே திறக்கலையேடி.”

“ஆமாக்கா.”

“திறக்கத்தான் பார்த்தேன். அவர் முந்திக்கிட்டார்.” குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுத்தார். “நீ கூட்டத்துல இதை அப்படியே வாசி. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.”

கூட்டத்தில் அப்படியே வாசித்தாள்.

“அந்த வரியை அடிச்சிடு. நான் சொல்லலை,” என்றார் தலைவர்.

வீட்டுக்காரர் சிரித்தார். “நான்தானே சொன்னேன்? யார் சொன்னா என்ன, ரெண்டும் ஒண்ணுதான். எழுதும்மா நோட்டு.”

நோட்டு பேனாவைத் திறந்தாள். முறையாகவே கேட்டாள். “எழுதறேன் அண்ணே. எத்தனாவது வார்டு உறுப்பினர்னு போடட்டும்?”

மூன்றாவது வார்டு உறுப்பினர் தையல்காரம்மா குபீரென்று சிரித்தார். “பார்வையாளர்னு போடு. அதுக்குத்தான் சுவரோரம் பெஞ்சு கிடக்கே!”

“என்னம்மா இது?” என்று வீட்டுக்காரர் தன் மனைவியைப் பார்த்தார்.

“பெஞ்சுல காத்து நல்லா வரும், போய் உக்காருங்க,” என்றார் தலைவர். குரலில் கோபமே இல்லை. அதனாலேயே அவரால் எழாமல் இருக்க முடியவில்லை. பிறகு தலைவர் பேசினார். மேட்டுத் தெருவில் எத்தனை வீடு, எத்தனை குடம், எத்தனை நடை என்று ஒன்று விடாமல் சொன்னார். நோட்டு இந்த முறை முகம் பார்த்து எழுதினாள். குழாய் முதலில் மேட்டுத் தெருவுக்கே என்று ஒன்பது பேரில் ஏழு பேர் கை தூக்கினார்கள்.

மார்ச் 12, புதன்.
கை தூக்கியவர்களை இரண்டு முறை எண்ணினேன். ஏழுதான்.
நாளை: காலை ஆறரைக்கு மேட்டுத் தெருவை அளக்க வேண்டும். நாடாவின் ஒரு முனையைத் தலைவர் பிடிப்பார், மறுமுனையை நான்.