வராது என்று ஒரு கடிதம்

இரத்தோட்டையில் பஸ் திரும்பும் இடத்திலிருந்து இன்னும் இரண்டு மைல் மேலே ஏறினால் கறுவாக்கந்தைத் தோட்டம். அதன் மேற்பிரிவில், தொழிலாளர் வீடுகளை வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் இருந்த புஷ்பவதி, 2004ஆம் ஆண்டு ஜூன் மாதம் முழுவதும் ஒரு கடிதத்துக்காக அலைந்தாள். வேலைக்கும் காணிக்கும் ரோட்டுக்கும் கடிதம் கேட்டு அலைந்தவர்களை அந்த லயம் நிறையப் பார்த்திருக்கிறது. புஷ்பவதி கேட்ட கடிதம் அந்த ரகத்தில் சேராது. ‘இந்த லயத்துக்குக் கரண்டு வராது’ என்று ஒரு பொறுப்பான ஆள் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

எல்லாம் புஹாரியால் வந்தது. மாத்தளையிலிருந்து சூரியவிளக்கு விற்கிற அவன், சித்திரை வருடம் கழிந்த கையோடு மோட்டார் சைக்கிளில் பின்னால் ஒரு கண்ணாடிப் பலகையைக் கட்டிக்கொண்டு ஏறி வந்தான். பலகையை வெயிலில் சாய்த்து, ஒரு பெட்டரியில் வயரைக் கொளுவி, பகலிலேயே பல்பை எரித்துக் காட்டினான். சனம் பார்த்துவிட்டுக் கலைந்தது. புஷ்பவதி போகவில்லை.

“நானா, மழை பெஞ்சா?”

“பெட்டரில சேந்திருக்கும் தங்கச்சி.”

“மூணு நாள் விடாமப் பெஞ்சா?”

“ஒரு பல்ப மட்டும் போட்டுக்கோங்க.”

“ஒரு கெழமை பெஞ்சா?”

“ஒரு கெழமை பெஞ்சா நான் இந்த மலையில எப்படி ஏறி வாற? வந்தாத்தானே உங்ககிட்ட ஏச்சு வாங்கேலும்!”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கேள்வி தீரவில்லை. கேள்வி தீராத பிறவி அவள். அதோடு காரணமும் இருந்தது. பகலெல்லாம் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு, ராவையில் மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பு வெளிச்சத்தில் அவள் தையல் மெசின் மிதித்தாள். மாத்தளையில் துணிக்கடை வைத்திருந்த நூருன்னிஸா, பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டைகளை வெட்டிக் கொடுத்து அனுப்புவார். போன தடவை அதில் ஐந்து சட்டை, தோளில் கரும்புள்ளியோடு திரும்பி வந்தது. லாம்புப் புகை. “வருஷக் கடைசிக்கு நாப்பது சட்டை தாறேன் புஷ்பம். புகை படாம தைக்க ஏலும்னா மட்டும்” என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார்.

அரசாங்கம் சூரியவிளக்குக்கு உதவி கொடுத்தது. அந்த உதவி இல்லாமல் புஷ்பவதியால் பலகையைத் தொட்டுத்தான் பார்க்க முடியும். விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில் விதி இருந்தது: இன்னும் ஐந்து வருடத்துக்குக் கரண்டு வராத இடங்களுக்குத்தான் உதவி. வராது என்பதை மின்சாரக் காரியாலயம், தோட்டத்துத் துரை, தோட்ட அபிவிருத்திச் சங்கத் தலைவர் ஆகியோரில் ஒருவர் எழுதித் தரவேண்டும். அப்படி நம்பக் காரணம் என்ன என்று கேட்டு நான்கு வெற்று வரிகளும் இருந்தன. ஜூன் முப்பதாம் தேதியோடு விண்ணப்பம் முடிவு.

இது என்ன பெரிய காரியம், வராததை வராது என்று எழுத என்ன கஷ்டம் என்றுதான் அவள் நினைத்தாள். கஷ்டம் ஆறு தூணாக நின்றது. நாலு வருடத்துக்கு முன், ஒரு தேர்தலுக்கு இருபது நாள் இருக்கும்போது, லொறியில் வந்து இறங்கிய சீமெந்துத் தூண்கள் அவை. லயத்தை ஒட்டி வரிசையாக நட்டார்கள். தேர்தல் முடிந்தது. தூண்களுக்குப் பிறகு எதுவும் வரவில்லை.

டவுனில் மின்சாரக் காரியாலயத்தில் மேசையில் இருந்த அம்மா, அந்த நோனா, பொறுமையானவர். சிங்களத்தில் பேசினார். புஷ்பவதிக்கும் அது நன்றாகவே வரும். நோனா பெரிய புத்தகத்தைப் புரட்டி விரலை வைத்துக் காட்டினார். “ஆறு தூண். வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று பதிந்திருக்கிறது.”

“நாலு வருஷமாகவா நடக்கிறது, நோனா?”

“எப்போது முடியும் என்று இந்தப் புத்தகத்தில் இல்லை, நங்கி. நடக்கிற வேலையை நடக்காது என்று நான் எப்படி எழுதுவது?”

அதுவும் நியாயம்தானே என்று புஷ்பவதிக்குப் பட்டது. புத்தகத்தில் தூண் இருக்கிறது. தூணுக்குப் பக்கத்தில் இருட்டில் இருக்கிற தான் மட்டும் அதில் இல்லை. துரையோ ஒரே வரியில் முடித்துவிட்டார்: “தூண் தோட்டத்துத் தூண் இல்லை. அதைப் பற்றி நான் எழுத முடியாது.”

மிஞ்சியவர் சங்கத் தலைவர் முத்துவீரன். அவரிடம் போகத்தான் அவளுக்குக் கால் கூசியது. அந்தத் தூண்களைக் கொண்டுவந்ததே அவர்தான். தூண் நட்ட அன்று லயமே கூடி அவருக்கு மாலை போட்டது. அதன்பிறகு யார் கேட்டாலும், “தூண் வந்த பாதையில வயரும் வரும்” என்பார். குரல் ஒருநாளும் தாழ்ந்ததில்லை.

கேட்டதும் அவர் முகம் சிவந்துவிட்டது. “நல்லா இருக்கே புள்ள! நான் கொண்டாந்த கரண்ட நானே வராதுன்னு எழுதணுமா? பெத்த புள்ளைக்கி நானே மரண அத்தாட்சி எழுதுற மாதிரியில்ல இருக்கு!”

“அஞ்சு வருஷத்துக்குன்னுதான் தலைவரே போட்டிருக்கு.”

“அஞ்சு நாளுன்னாலும் எழுத மாட்டேன்.”

அன்று இருபதாம் தேதி. மறுநாள் வேலை விட்டு வந்து, விண்ணப்பத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, புஷ்பவதி அந்த நான்கு வெற்று வரிகளுக்குக் காரணம் தேடிப் புறப்பட்டாள். யாரும் சொல்லாவிட்டால் தூண்களையே கேட்டுப் பார்ப்போம் என்று தோன்றியது.

முதல் தூணில் தேர்தல் நோட்டீஸ். மழையில் வெளுத்து, சிரிப்பு மட்டும் மிச்சமிருந்தது. இரண்டாவதில் துணி காயப்போடும் கொடிக்கயிறு. மூன்றாவது, மாட்டின் முதுகு உயரத்துக்கு மழுமழுவென்று தேய்ந்திருந்தது. அங்கேதான் அழகுமுத்துவின் பசு கட்டிக் கிடக்கும். நாலாவது அவள் வாசலுக்கு நேரே நிற்பது. அதைத் தினமும் பார்ப்பதால் பார்த்ததேயில்லை. குளவி கூடு கட்டியிருந்தது. ஐந்தாவது சற்றுச் சரிந்திருந்தது. கரண்டுக்காகக் காத்திருக்கிற தூண் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றும் அதனதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆறாவது தூண் முத்துவீரன் வீட்டு ஓரத்தில். அதில் மிளகுக் கொடி. இது லயத்தில் எல்லோரும் அறிந்ததுதான். மாத்தளைப் பக்கம் நிமிர்ந்து நிற்கிற எதிலும் யாராவது மிளகு ஏற்றிவிடுவார்கள். ஆனால் அன்று புஷ்பவதி கிட்டே போய் நின்று பார்த்தாள். வழுவழுப்பான சீமெந்தில் மிளகின் வேர் பிடிக்காது. அதனால் தூணைச் சுற்றிப் படங்குச் சாக்கு சுற்றியிருந்தது. அடியில் இற்றுக் கறுத்த சாக்கு. அதற்கு மேலே கொஞ்சம் புதுசு. இன்னும் மேலே இந்த வருடத்துச் சாக்கு. கொடி ஏற ஏறச் சுற்றிக்கொண்டே வந்திருக்கிறார். ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு ஆள் உயரம், பச்சைக் கொத்துகள் விரல் நீளத்தில் தொங்கின.

மூன்றாம் வருடத்துக்கு முன் எந்த மிளகுக் கொடியும் ஒழுங்காகக் காய்த்ததில்லை. இது இந்த வருடம் மட்டுமா காய்க்கிறது? போன வருடமே தலைவர் வீட்டு வாசலில் இரண்டு பாயில் மிளகு காய்ந்தது அவளுக்கு நினைவு வந்தது. விரலை மடக்கிப் பார்த்தாள். தவறு என்று நினைத்து மறுபடி மடக்கினாள். எப்படி மடக்கினாலும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றது: தூண் நட்ட வருடத்து ஐப்பசி மழை. அதாவது, மாலை வாடி முடிந்த மறுமாதம்.

“அங்க என்ன புள்ள பாக்குற?”

முத்துவீரன் ஏணியோடு வந்துகொண்டிருந்தார்.

“எப்ப பறிப்பீங்கன்னு பாத்தேன் தலைவரே.”

“ஒண்ணு ரெண்டு செவக்கத் தொடங்கிருச்சு. இன்னும் பத்து நாள்.” ஏணியைச் சாய்த்து ஏறினார். மிளகைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் இளகிவிடும்.

“போன வருஷமும் பறிச்சீங்கள்ல?”

“அது கொஞ்சந்தான். மொதக் காய்ப்புதானே.”

“அப்ப கொடி வச்சது, தூண் நட்ட அந்த மழையிலயா?”

ஏணியில் இருந்த கால் அங்கேயே நின்றது. வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி கிருஷ்ணம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. “மாட்டுனீங்களா?” என்றபடி அவள் வாசலுக்கு வந்தாள்.

“என்னைய வெளக்கம் கேக்க வந்திருக்கியா?” என்றார் முத்துவீரன், இறங்காமலே.

“ஐயோ இல்ல தலைவரே. தெரிஞ்சுக்கணும்னு ஒரு ஆசை. இன்னைக்கோ நாளைக்கோ வயர் இழுக்க வர்ற தூணுல ஒருத்தர் மிளகு வப்பாரா?”

அவர் ஒரு கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்தார்.

“தூண் எறக்குனானே லொறிக்காரன், அவன்கிட்ட வயர் எப்ப வருமுன்னு கேட்டேன். ‘வயரா?’ன்னான். அவ்வளவுதான். அவன் கேட்ட தினுசுலயே எனக்கு வெளங்கிருச்சு. மறுநாள் நீங்கள்லாம் மாலைய எடுத்துக்கிட்டு வந்துட்டீங்க. கழுத்துல மாலைய வச்சுக்கிட்டு நான் என்னன்னு சொல்ல?”

“அதுக்காகத் தூண சும்மா நிக்க வுடலாமான்னு ஒரு கொடியக் கொண்டாந்து வச்சாரு, சமத்து!” என்றாள் கிருஷ்ணம்மா.

புஷ்பவதி இடுப்பிலிருந்த தாளை எடுத்து நீட்டினாள். “மாலைய யாரும் திருப்பிக் கேக்கல தலைவரே. கரண்டு வருமுன்னா, வருமுன்னே இருங்க. அப்ப வயர்க்காரன் வரதுக்குள்ள கொடிய அறுத்துருங்க. வராதுன்னா இதுல கையெழுத்துப் போடுங்க.”

“கொடியில கத்தி பட்டா நான் யட்டவத்தைக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன், சொல்லிட்டேன்” என்றாள் கிருஷ்ணம்மா.

முத்துவீரன் தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். “அஞ்சு வருஷத்துக்குள்ள வராது… அப்ப ஆறாவது வருஷம் வரலாம்ல?”

“வரலாம்.”

“வரலாம்” என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வாயில் போட்டுச் சுவைத்துப் பார்ப்பதுபோல இருந்தது. ஆனால் கீழே வாசித்ததும் முகம் மறுபடி விழுந்தது. சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்து, நிறைவேற்றி, அதன்பிறகே கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் கூட்டம். லயத்தில் நாற்பத்திரண்டு குடும்பம், ஒருத்தர் பாக்கியில்லை. முத்துவீரன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கடிதத்தை ஒரு வரி விடாமல் வாசித்தார். முன்வரிசையில் இருந்த புஷ்பவதிக்கு, தேவையில்லாத வேலை செய்துவிட்டோமோ என்று பட்டது. ஒரு பல்புக்காக ஒரு மனிதரை இப்படி நிறுத்தலாமா? மாலை போட்ட சனம்தானே, இப்போது என்ன செய்யுமோ.

வாசித்து முடித்து, ஏச்சுக்குக் காத்திருப்பவர்போல அவர் நின்றார். பின்னாலிருந்து அழகுமுத்து எழும்பினான்.

“தலைவரே, அஞ்சு வருஷம்கிறது உறுதியா?”

“உறுதிதான்” என்றார் அவர், தரையைப் பார்த்து.

“சீல் வச்சுக் குடுப்பீங்களா?”

“வச்சுத்தான் குடுக்கணும்.”

“அப்ப மூணாவது தூண எனக்கு எழுதிருங்க. இந்த மழையோட கொடி வச்சா, அஞ்சு வருஷத்துக்குள்ள ரெண்டு பறிப்பு எடுத்துறலாம்.”

பிள்ளைக் காம்பராவே எழும்பி நின்றது. “மாடு கட்டுற தூணுல மிளகு எதுக்குடா?” “ரெண்டாவது எங்க வாசல்ல நிக்குது, அது எங்களுக்கு!” “சரிஞ்ச தூண யாரு எடுக்கிறது?” கரண்டைப் பற்றி ஒரு வாய் பேசவில்லை. வராது என்பது அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருந்தது. எத்தனை நாளைக்கு வராது என்பதுதான் தெரியாமல் இருந்தது. அதைச் சொல்ல இவ்வளவு காலமாக ஆள் இல்லை. முத்துவீரன் நிமிர்ந்தார். ஒரு மணி நேரம் நின்று மற்ற ஐந்து தூண்களையும் பங்கிட்டார். நாலாவது, வாசலுக்கு நேரே நின்றதால், புஷ்பவதியின் புருஷன் இராமையாவுக்கு வந்தது. நான்கு வெற்று வரிகளில் அவள் ஒரே வரி எழுதினாள்: ‘ஆறாம் தூணில் மிளகு இரண்டாம் முறை காய்த்திருக்கிறது.’

இருபத்தொன்பதாம் தேதி தாள் போய்ச் சேர்ந்தது. உதவி கிடைத்து, ஆகஸ்ட் நடுவில் புஹாரி பலகையோடு வந்தான். கூரையில் ஏறியவன் அதே வேகத்தில் இறங்கிவிட்டான். தகரமெல்லாம் துரு, ஆணி அடித்தால் கையோடு வரும். சுற்றிலும் பார்த்தான். அவன் கண் நாலாம் தூணில் போய் நின்றது. கூரைக்கு மேலே, மர நிழல் படாத இடத்தில் அது தன்பாட்டில் நின்றது. இரும்புப் பட்டி போட்டுப் பலகையை அதிலேயே பூட்டினான். வயர் தூணிலிருந்து இறங்கி ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போனது.

பொழுது சாயும் நேரம் பல்பு எரிந்தது. முத்துவீரன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து, தூணை அடிமுதல் நுனிவரை பார்த்தார்.

“நான் சொன்னேன்ல? இந்தத் தூணுல கரண்டு வருமுன்னு!”

லயமே சிரித்தது. அவரும் சிரித்தார். புஷ்பவதியின் கண் மட்டும் தூணின் அடியில் இருந்தது. இராமையா வைத்த கொடி, நனைந்த சாக்கைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது இலை விட்டிருந்தது.

“நானா, இது ஏறிப் போய்ப் பலகைய மூடிட்டா?”

புஹாரி தலையில் கை வைத்தான். “தங்கச்சி, உங்களுக்குக் கேள்வி முடியவே முடியாதா?”

“ஏறட்டுமே” என்றான் இராமையா. “மேல ஏற மூணு நாலு வருஷம் ஆகும். அதுக்குள்ள கரண்டே வந்துரும்.”

முத்துவீரன் சட்டெனத் திரும்பினார். “வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருடா. அஞ்சு வருஷத்துக்கு வராது. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

உள்ளே புஷ்பவதி மெசினில் ஒரு வெள்ளைத் துண்டைக் கொடுத்து நாலு அடி மிதித்தாள். எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஒரு கரும்புள்ளிகூட இல்லை. நம்பாமல் திருப்பி மறுபக்கமும் பார்த்தாள்.