வாய்க்காலின் பழைய அகலம்

புயல் பண்டத்தரிப்பைக் கடந்து போய் இரண்டு கிழமையாகியும் பாலேஸ்வரியின் சீற்றம் மட்டும் கரை கடக்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஓடிய வெள்ள வாய்க்கால் கரையுடைந்து, மண் மூடி, இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் அவளுடைய புதுக் குசினிக்குள் முழங்கால் அளவுக்குக் குடியிருந்தது. கனடாவிலிருக்கும் தம்பி ஆசைப்பட்டுக் கட்டிக் கொடுத்த சமையற்கட்டு. கறுப்புக் கிறனைட் மேடை, சுவரெல்லாம் மாபிள். சித்திரையில் குடும்பத்தோடு வருகிறான். அவன் கண்ணுக்கு அது ஒரு கீறலும் இல்லாமல் நிற்க வேண்டும். பாலேஸ்வரியின் மானமே அந்த மேடையில்தான் இருந்தது.

"வாய்க்காலைத் திருத்த அனுமதி வேணுமாம், அனுமதி! தண்ணி என்ன அனுமதி கேட்டே உள்ளுக்கை வந்தது?"

அலுவலகத்தில் அவள் போட்ட இந்தச் சத்தத்தில்தான் சுற்றாடல் உத்தியோகத்தர் செந்தூரன் அன்று காலை காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நேரிலேயே வந்து நின்றான்.

"அன்ரி, ரெண்டு வழி இருக்கு. முந்தி இருந்த இடத்திலை, முந்தி இருந்த அகலத்துக்கே திருப்பி வெட்டுறதெண்டால் வாற கிழமையே அனுமதி தரலாம். கொஞ்சம் வளைச்சாலும் ஒடுக்கினாலும் அது புது வாய்க்கால். மண், தண்ணி, மீன், குருவி எல்லாம் ஆராயவேணும். அடுத்த மாரி மழைக்கிடையிலும் முடியாது."

"அப்ப முந்தி இருந்தபடியே வெட்டுங்கோவன்!"

"எப்பிடி இருந்தது எண்டதுக்குச் சாட்சி வேணுமே. எங்கடை வரைபடத்திலை இந்த ஒழுங்கைத் தெருவே இல்லை. பழைய படம் ஏதும் கிடக்கோ?"

பாலேஸ்வரி நிமிர்ந்தாள். "படமோ? ட்ரோன் வீடியோவே இருக்கு, தம்பி!"

மகள் தயாளினி பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்திய வீட்டு வீடியோ அது. உள்நாடு, வெளிநாடு என்று சொந்தத்தில் அதைப் பார்க்காமல் தப்பியவர் எவருமில்லை. கணவர் நடராசா ரீவியைப் போட்டார். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கேதீஸ்வரியும் வாளியோடு வந்து வாசலில் நின்றாள்.

திரையில் பல்லக்கு அசைந்து வந்தது. பட்டுச் சீலைகள், தட்டங்கள், நாதஸ்வரம். பிறகு கமரா மேலே எழும்பியது. பந்தல் சிறுத்தது. கூரை தெரிந்தது. கூரைக்கு அந்தப் பக்கம், வெள்ளித் தகடு விரித்தது போல வாய்க்கால்.

"நிப்பாட்டுங்கோ ஐயா!" என்றான் செந்தூரன்.

நடராசா ரிமோட்டை அழுத்தினார்.

செந்தூரன் படத்தைப் பார்த்தான். எழுந்து பின்கதவடிக்குப் போய்க் குசினியைப் பார்த்தான். திரும்பி வந்து மறுபடியும் படத்தைப் பார்த்தான்.

"அன்ரி, இதிலை குசினியைக் காணேல்லையே?"

பாலேஸ்வரி திரைக்குக் கிட்டப் போனாள். எத்தனை தரம் பார்த்த வீடியோ! ஆர் என்ன சீலை உடுத்தது, ஆருடைய கழுத்தில் எத்தனை பவுண் என்று பார்த்தாளே தவிர, வாய்க்காலை ஆர் பார்த்தது? வீட்டின் பின்சுவரைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் ஓடியது. அவளுடைய கிறனைட் மேடை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கொக்கு நின்றது.

"அது... கமராக்காரன் சரிச்சுப் பிடிச்சிட்டான்."

"இல்லையப்பா," என்றார் நடராசா, உதவி செய்யும் நல்ல மனத்தோடு. "குசினி பிறகல்லோ கட்டினது. மேசன் கூடக் கேட்டவன், வாய்க்காலுக்கை இறங்கிறம் அக்கா எண்டு..."

பாலேஸ்வரி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். நடராசா ரிமோட்டின் பொத்தான்களைக் கூர்ந்து ஆராயத் தொடங்கினார்.

"உது எங்கடை வீடே இல்லை!"

"அப்ப பல்லக்குக்கு முன்னாலை பச்சைச் சீலையோடை வந்தது ஆர் அக்கா?" என்றாள் கேதீஸ்வரி.

செந்தூரன் தொண்டையைச் செருமினான். "சாட்சி நல்லாத் தெளிவா இருக்கு, அன்ரி. பழைய அகலத்துக்கே வெட்டலாம். வாற கிழமை மெசின் வரும், தண்ணி வடியும். குசினி மட்டும் போகும். இல்லையெண்டால் குசினியைச் சுத்தி வளைக்கிற மற்ற வழி. உங்கடை சம்மதம் இல்லாமல் நாங்கள் இடிக்கேலாது. நீங்கள்தான் சொல்லவேணும்."

"ஓமெண்டு சொல்லுங்கோ அக்கா," என்றாள் கேதீஸ்வரி. "என்ரை கிணத்துத் தண்ணி வாயிலை வைக்கேலாமல் கிடக்கு."

பாலேஸ்வரி பின்கதவு வழியே பார்த்தாள். கலங்கல் தண்ணீருக்கு மேலே கறுப்புக் கிறனைட் மினுங்கியது. அவளுடைய குரல் திடீரென்று கனிந்தது.

"தம்பி, சுற்றாடல் விசயம். இதிலை அவசரப்படக் கூடாது. மீனும் குருவியும் சீவன்தானே? ஆறுதலா, வடிவா ஆராய்ஞ்சு செய்யுங்கோ."

"புயல் அடிச்ச நாள் துவக்கம் வராத சீவகாருண்யம்!" என்றுவிட்டுக் கேதீஸ்வரி வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். இரண்டு வீட்டுக்கும் அன்றைக்கு அறுந்த பேச்சு அறுந்ததுதான்.

பின்னேரம் கனடாவிலிருந்து தம்பியின் வீடியோ அழைப்பு வந்தது. பாலேஸ்வரி மேடைமேல் ஏறிச் சம்மணம் கட்டியிருந்தாள். பக்கத்தில் அடுப்பில் தேத்தண்ணி கொதித்தது.

"என்னக்கா, வெள்ளம் இன்னும் வடியேல்லையோ? அவங்கள் அனுமதி தரேல்லையோ?"

வாசலில் நின்ற நடராசா வாயைத் திறந்தார். மனைவியின் முகத்தைக் கண்டதும் மூடிக்கொண்டார்.

"எங்கை தாறாங்கள்?" பாலேஸ்வரி பெருமூச்சு விட்டாள். "இழுத்தடிக்கிறாங்கள், தம்பி. சனம் படுற பாடு உவங்களுக்கு விளங்குதே?"