அழிஞ்சிக் குச்சி பிரிட்ஜ் மேல இருக்கு

1

இந்தக் கதை தமிழம்மா குடுத்த வேலைல இருந்து வந்துச்சு. பள்ளிக்கூட ஆண்டு மலருக்கு ஒம்பதாவது பிள்ளைங்க ஆளுக்கு ரெண்டு பக்கம் எழுதோணும், தலைப்பு 'உறவுகளோடு ஒரு பண்டிகை'. நாளைக்கு ஆடி ஒன்னு. எங்க ஜலகண்டாபுரத்துல தேங்கா சுடற நாளு. அதயே எழுதிரலாம்னு போன எடுத்துட்டு போர்வைக்குள்ள வந்துட்டேன். வெளிச்சத்தக் கொறச்சு வெச்சிருக்கேன். அப்பா தறிப்பட்டறைல ராத்திரி ஷிப்ட். அம்மா பக்கத்து ரூம்ல படுத்திருக்கு.

மொதல்ல இப்படி ஆரம்பிச்சேன்:

"ஆடி மாதம் முதல் நாளன்று எங்கள் ஊரில் சிறுவர் முதல் பெரியவர் வரை அனைவரும் தேங்காய் சுட்டு மகிழ்வர்."

மகிழ்வர். இந்த வார்த்தைய எங்கூட்ல யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. அழிச்சுட்டேன்.

அப்பறம்: "என் தாய்மாமா வேல்முருகன் ஒரு"

ஒரு என்னன்னு வரல. நல்லவர்னு போட்டா தமிழம்மாவுக்குப் புடிக்கும். எங்கம்மா படிச்சா மலரயே கிழிச்சுப் போடும்.

எனக்குப் பயமா இருக்கு. மலருக்கு எழுதறதுல என்ன பயம்னு கேக்காதீங்க, சொல்றேன். இப்ப முடியல. மொதல்ல தேங்காயப் பத்தி எழுதிக்கறேன்.

2

தெரியாதவங்களுக்கு: தேங்காய நாரெல்லாம் உரிச்சு, சொரசொரப்பான கல்லுல தேச்சுத் தேச்சு மொட்டத்தலை மாதிரி வழவழன்னு ஆக்கோணும். ஒரு கண்ண மட்டும் தொறந்து தண்ணிய எறக்கிட்டு, உள்ள பொட்டுக்கடலை, வெல்லம், எள்ளு, அவல், பாசிப்பருப்பு எல்லாம் திணிக்கோணும். கொஞ்சம் தண்ணிய திரும்ப ஊத்தி, அழிஞ்சி மரத்துக் குச்சிய சீவி அந்தக் கண்ணுல சொருகி, குச்சிக்கு மஞ்ச பூசி, தெருவுல தீ மூட்டி எல்லாரும் சுத்தி நின்னு வாட்டோணும். ஓடு படார்னு வெடிச்சா வெந்துருச்சுன்னு அர்த்தம். புள்ளையாருக்குப் படைச்சிட்டு ஒடச்சுத் திங்கறது.

குச்சி எப்பவும் மாமாதான். பாறைக் கரட்டுப் பக்கம் போயி வெட்டிட்டு வருவாரு.

எனக்கு ஏழு வயசுல என்னோட தேங்கா குச்சிய உட்டுக் கழண்டு தீக்குள்ள உழுந்துருச்சு. நான் போட்ட சத்தத்துல எதிரூட்டு நாயி ஓடியே போச்சு. மாமா கைய உட்டு எடுத்து, அந்தக் கைக்கும் இந்தக் கைக்கும் மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு தெருவெல்லாம் குதிச்சாரு. "சாமி, இது தேங்கா இல்ல சாமி, உங்கம்மா கோவம்! கையில புடிக்க முடியல!" அம்மா அன்னிக்கு சிரிச்சுது. தீ வெளிச்சத்துல அம்மா வாய உட்டு சிரிச்சது எனக்கு இன்னும்

(இந்த வரிய முடிச்சா அழுதுருவேன். உட்டுடறேன்.)

(நடுவுல ஒன்னு. இன்னிக்குக் காலைல அம்மா உளுந்தங்களி கிண்டி, நடுவுல குழி பண்ணி நல்லெண்ணெய ஊத்திக் குடுத்துச்சு. எனக்கு ஆகவே ஆகாது. பண்டிகைக்கு மொத நாளு யாராச்சும் களி கிண்டுவாங்களா? 'உணவு முறைகளையும் குறிப்பிடவும்'னு தமிழம்மா சொன்னதால எழுதறேன்.)

3

கதைன்னா சண்டை வேணும். எங்க சண்டை ஒரு பிளெக்ஸ்ல ஆரம்பிச்சுது.

போன வருசம் மாமா பையன் சந்தோஷ்குமாருக்குக் காதுகுத்து. மண்டபத்து வாசல்ல பெரிய பிளெக்ஸ், சொந்தக்காரங்க எல்லார் போட்டோவும் இருந்துச்சு. மேல பெரியவங்க, நடுவுல மாமன் மச்சானுங்க, அடியில ரோஜாப்பூ டிசைனுக்குள்ள வாண்டுங்க, 'இவண் சுட்டீஸ்'னு போட்டு. பிளெக்ஸ் கடைக்காரரு எங்கப்பா சரவணமுத்து போட்டோவ அந்த சுட்டீஸ் வரிசைல போட்டுட்டாரு. ரெண்டு கைக்கொழந்தைக்கு நடுவுல, மீசையோட எங்கப்பா.

எல்லாரும் சிரிச்சாங்க. அப்பாவும் சிரிச்சாரு. மாமாதான் ரொம்ப. "மச்சான், ஆசாரி இங்கதான் இருக்காரு, உங்களுக்கும் இன்னிக்கே காது குத்திரலாமுங்க!"

அம்மா சிரிக்கல. "எம் புருசன் உனக்குக் கேலியாயிட்டாராடா வேலு?"

"அக்கா, கடைக்காரன் பண்ணதுக்கு நான்…"

"கடைக்காரன் போட்டான். நீ சிரிச்சே."

அம்மா சாப்பிடாம கெளம்பிருச்சு. அவ்ளோதான். மூணு தெரு தள்ளி இருக்கற ஊட்டுக்கு ஒரு வருசமா போக்குவரத்து இல்ல. அப்பா மட்டும் டீக்கடைல மாமாவோட பேசுவாரு. ஊட்டுக்கு வந்ததும் பேசாத மாதிரி மூஞ்சிய வெச்சுக்குவாரு.

(தமிழம்மா இத நம்ப மாட்டாங்க. "ஒரு போட்டோவுக்கா?"ன்னு செவப்புப் பேனால எழுதுவாங்க. நீங்களே உங்கூட்ல எதுக்கு சண்டை வந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க.)

4

சரி. இப்ப சொல்றேன்.

"முந்தாநாளு பள்ளிக்கூடத்துல எனக்கு"

"முந்தாநாளு நான்"

முந்தாநாளு நான் பெரியவளாயிட்டேன்.

எழுதிட்டேன். அழிக்கல. கிளாஸ்ல நான்தான் கடைசி. கூடப் படிக்கற கயல்விழிக்கு மட்டும் தெரியும், பள்ளிக்கூடத்துல குடுக்கற நாப்கின அவதான் வாங்கியாந்து குடுத்தா. எங்கூட்ல யாருக்கும் தெரியாது.

மத்த பிள்ளைங்களுக்கு வெக்கமா இருக்கும். எனக்குப் பயமா இருக்கு. எதுக்குன்னா, நான் சொன்ன ஒடனே தாய்மாமனக் கூப்பிடோணும். பச்ச ஓலை வெட்டியாந்து குச்சு கட்டி என்னய உக்கார வெக்கறது தாய்மாமன். மொத தண்ணி ஊத்தறது அவரு சம்சாரம், எங்க ஜெயப்பிரியா அத்தை. அன்னிக்கு யாரு வந்து நிக்கறாங்களோ அவங்களுக்குத்தான் என் கல்யாணம் வரைக்கும் மாமன் முறை. போன மாசம் அம்மா போன்ல யாருகிட்டயோ சொல்லுச்சு: "எம் புள்ள பெரியவளாயி உக்காந்தா, சேலம் பேர்லேண்ட்ஸ்ல இருக்கற எங்க பெரிம்மா மகன் சரவணக்குமாரக் கூப்புட்டுக் குச்சு கட்டிக்குவேன். வேலு எதுக்கு? வேண்டவே வேண்டாம்."

சரவணக்குமார் மாமா நல்லவருதான். கார்ல வருவாரு. என்னய மோனிகாம்பாரு. எம் பேரு மோனிஷா.

அப்ப நான் வாயத் தொறந்தா வேலு மாமா போயிருவாரு. மூணு தெரு தள்ளியேதான் இருப்பாரு, ஆனா எனக்கு மாமாவா இருக்க மாட்டாரு.

தொறக்கலீனா, நாளைக்கு சாயங்காலம் தீட்டோட புள்ளையார் தேங்காயத் தொடோணும். தீட்டெல்லாம் சும்மான்னு கயல் சொல்றா. பகல்ல எனக்கும் அப்படித்தான் தோணுது. இந்நேரத்துல தோண மாட்டேங்குது.

(ஒரு விசயம். ஜோசியரு நேரம் கேப்பாரு. நான் எந்த நேரம் சொல்றேனோ அதுதான் என் நேரமாயிரும். முந்தாநாளு நடந்தத நாளைக்கு நடந்ததா மாத்திரலாம். கதை எழுதறவங்களுக்கு இதெல்லாம் ஜாலியா இருக்குமா? எனக்கு இல்ல.)

5

இன்னிக்கு சாயங்காலம் நடந்தத எங்க வெக்கறதுன்னு தெரியல, இங்க வெக்கறேன்.

மாமா பையன் சந்தோசு ஓடியாந்தான். எங்க கேட்டுக் கம்பில ஒரு அழிஞ்சிக் குச்சிய சொருகிட்டு, "அக்கா! யாரு குடுத்தாங்கன்னு சொல்லக்கூடாதுன்னு அப்பா சொல்லிருக்காரு!"ன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்திட்டு ஓடிட்டான்.

அம்மா போயி எடுத்துச்சு. தோலு உரிச்சு, நுனி சீவி, கைப்புடி குத்தாம இருக்கத் தேச்சிருந்தாரு. "குச்சி மட்டும் நடந்து வருது. குடுத்தவருக்குக் காலு இல்லயாக்கும்"னுச்சு. தூக்கிப் போட்டுரும்னு பாத்தேன். பிரிட்ஜ் மேல வெச்சிட்டு உள்ள போயிருச்சு.

வருசாவருசம் குச்சி வந்ததும் மொதல்ல புடுங்கிக்கறது நான்தான். இன்னிக்குத் தொடல.

மாமாவ நான் ரொம்ப நல்லவரா எழுதறேனோன்னு சந்தேகமா இருக்கு. "தப்புதான்க்கா"ன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். தீவாளிக்கு எங்க தெரு வழியா பைக்ல போனாரு. ஹாரன் அடிச்சாரு. நிக்கல. அந்த ஹாரன் பாசமா திமிரான்னு அம்மாவும் அப்பாவும் பலகாரம் சுடற வரைக்கும் பேசுனாங்க. அப்பா பாசம்னாரு. அம்மா, "பாசத்துக்கு பிரேக்கு இல்லயா?"ன்னுச்சு.

6

முடிவு மூணு வெச்சிருக்கேன்.

முடிவு ஒன்னு. வெடிஞ்சதும் அம்மாகிட்ட சொல்றேன். அம்மா கட்டிப்புடிச்சு அழுவுது. அப்பறம் போன எடுக்குது. பேர்லேண்ட்ஸ் கார் வருது. "மோனிகா, இப்ப எத்தனாவது?" சாயங்காலம் தெருமுனைல மாமா தேங்காயக் கையில வெச்சுக்கிட்டு

(முடியல. அடுத்தது.)

முடிவு ரெண்டு. யாருகிட்டயும் சொல்லல. அவங்க ராசியாகற வரைக்கும் மாசாமாசம் மறைச்சுக்கறேன். கதைல நடக்கும். எங்கூட்ல இருக்கறது ஒரே பாத்ரூம்.

முடிவு மூணு. வெடியறதுக்குள்ள மூணு தெரு தாண்டி ஓடிப்போயி அத்தைகிட்ட மொதல்ல சொல்லிடறேன். அத்தை அங்கயே மொத தண்ணிய ஊத்திருது. ஒருக்கா ஊத்திட்டா ஊத்துனதுதான், மாத்த முடியாது. மாமா என்னயக் கூட்டிக்கிட்டு, சீர்த் தட்டத்தோட எங்க வாசல்ல வந்து நிக்கறாரு.

எனக்குப் புடிச்சது இதுதான். முழுசா எழுதிப் படிச்சுப் பாத்தேன். அத்தை சரியா பேசுது ("ஏஞ்சாமி, செருப்புகூடப் போடாம வந்தியா?"). மாமா சரியா இருக்காரு. அம்மாதான் வரல. வாசல்ல கொண்டாந்து நிறுத்திட்டேன், மூஞ்சிய எழுத முடியல. பெத்தவகிட்டச் சொல்லாம மொதல்ல அங்க போயி சொன்னேன்னு தெரிஞ்சா அந்த மூஞ்சி எப்படி இருக்கும்? அப்பாவக் கடைசி வரிசைல போட்டாங்கன்னு ஒரு வருசமா பொருமிக்கிட்டுக் கெடக்குது. இந்த முடிவுல நான் அம்மாவக் கடைசி வரிசைல போடறேன்.

அழிச்சுட்டேன்.

7

அம்மாவ ஒழுங்கா எழுதலாம்னு, இதுவரைக்கும் அது என்னென்ன பண்ணுச்சுன்னு மேல போயிப் படிச்சேன். கோவிச்சுக்கிச்சு. குச்சிய பிரிட்ஜ் மேல வெச்சுது. களி கிண்டுச்சு.

உளுந்தங்களி.

பெரியவளான பிள்ளைக்குத்தான் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் குடுப்பாங்க, இடுப்புக்குப் பலம்னு. கயலுக்கு அவங்கம்மா தெனமும் ஊட்டுனாங்கன்னு அவ மூக்கப் புடிச்சுக்கிட்டு நடிச்சுக் காமிச்சிருக்கா. நானே எழுதிட்டு நானே படிக்கல.

இன்னொன்னு, மேல எழுதாதது. தெனமும் சாயங்காலம் வெளக்கேத்தறது என் வேலை. நேத்து ஏத்தப் போனப்ப, "நான் ஏத்திக்கறேன், நீ போயி படி"ன்னுச்சு. இன்னிக்கும் அதேதான். வேலை கொறஞ்சுதுன்னு நானும் வந்துட்டேன். குச்சிய நான் தொடாததயும் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கும்.

அம்மாவுக்குத் தெரியும்.

தெரிஞ்சும் கேக்கல. கேட்டா நான் சொல்லிருவேன். நான் சொல்லிட்டா அது போன எடுக்கோணும். யாருக்குன்னு அதுக்கே இன்னும் தெரியல போல. பக்கத்து ரூம்ல அதுவும் என்ன மாதிரியே மூணு முடிவ வெச்சுக்கிட்டுப் படுத்திருக்கு.

(நாலுல 'எங்கூட்ல யாருக்கும் தெரியாது'ன்னு எழுதிருக்கேன். திருத்தோணும். வேண்டாம், இருக்கட்டும்.)

8

கட்டில் சத்தம். அம்மா எந்திரிச்சிருச்சு. தண்ணி குடிக்கன்னு நெனச்சேன், டம்ளர் சத்தம் வரல. பிரிட்ஜ் கிட்ட நிக்குது. கையில என்ன வெச்சிருக்குன்னு இருட்டுல தெரியல.

"மோனி."

"ம்."

"இன்னுமா தூங்கல?"

"ஸ்கூலுக்கு எழுதறேம்மா."

"என்ன எழுதறே?"

"தேங்கா சுடறது."

அப்பறம், யாரோ தூங்கறாங்க, எழுப்பிரக்கூடாதுங்கற மாதிரி மெல்ல சொல்லுச்சு.

"வெடிஞ்சதும் ஓலை வெட்டச் சொல்லோணும் சாமி."

"யாரம்மா?"

அம்மா ஒரு பேரு சொல்லுச்சு.

9

இத தமிழம்மாகிட்டக் குடுக்க மாட்டேன். அவங்களுக்கு 'மகிழ்வர்' எழுதிக் குடுத்துக்கறேன். இது உங்களுக்குத்தான்.

அந்தப் பேர நான் எழுதல. ஒரு கோடு போட்டு உட்டிருக்கேன்: ____________.

உங்கூட்ல யாரோட பேச்சு நின்னு போயிருக்கோ, அவங்க பேர அந்தக் கோட்டு மேல வெச்சு, ஒருக்கா சத்தமா கூப்பிட்டுப் பாருங்க. பேரு வாயில வந்துச்சுன்னா, எங்கம்மா வாயிலயும் பேச்சு நின்னு போன பேருதான் வந்துச்சு.

வரலீனா, பேர்லேண்ட்ஸ்ல இருந்து கார் கெளம்பிருச்சு.