கருப்பம்மாள் தூக்காத விறகுக்கட்டு

விறகுக்கட்டு, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே பாதையோரம் காலையிலிருந்து கிடந்தது. கருப்பம்மாள் வாசலில் உட்கார்ந்து அதையே முறைத்துக்கொண்டிருந்தாள். தூக்குவதாக இல்லை.

தேயிலையைக் கவாத்து வெட்டும் மாதத்தில், வெட்டி விழுந்த குச்சியெல்லாம் தொழிலாளிக்கு விறகு. சிலோன் தோட்டத்திலிருந்து ஊர் திரும்பிய இவர்களோடு கப்பலேறி வந்த வழக்கம் அது. வெட்டிக் கட்டுவது ஆண்கள். தலையில் ஏற்றி வீடு சேர்ப்பது பெண்கள். பச்சைக் கட்டு என்ன கனம் கனக்கும் என்று வெட்டியவனுக்குத் தெரியாது. அவன்தான் ஒரு நாளும் தூக்கியதில்லையே!

தூக்கித் தூக்கித்தான் அவளுக்கு மூத்திரப்பை இறங்கியது. நாலு பிள்ளை பெற்ற உடம்பு. அதற்கு மேல் கொழுந்து மூட்டை, தண்ணீர்க் குடம், விறகு. தும்மினால் சேலை நனைந்தது. நடந்தால் தொடையிடுக்கில் உருண்டையாக ஏதோ இடித்தது. மலையில் பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார்கள். வருஷக்கணக்காக வாயை மூடிக்கொண்டிருந்து, முடியாமல் போனபின் பந்தலூரில் பஸ் ஏறி ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தாள். ஜானகி டாக்டர் கீழ்வழியாகவே அறுத்து, இறங்கிய பையை மேலே தள்ளி, தொய்ந்த சதையை இழுத்துத் தைத்தார். வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. வினையே அதுதான். காட்டத் தழும்பில்லாத ஆபரேசனை லயத்தில் எவன் நம்புவான்?

"மூணு மாசத்துக்கு எதையும் தூக்காதீங்கம்மா. தையல் விட்டுச்சுன்னா மறுபடி இறங்கிடும். ரெண்டாவது தடவை இந்த அளவுக்குப் பிடிக்காது" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அதில் பாதிதான் கழிந்திருந்தது.

புருஷன் மூக்கன் கவாத்துக் கத்தியோடு வந்து நின்றான்.

"அடுப்பு எரியலையா?"

"வெறகு கீழ கெடக்கு. கொண்டாந்தா எரியும்."

"நான் வெறகு சொமந்து, லயத்துல நாலு பேரு சிரிக்கணுமா?"

"எனக்குத் தையல் பிரிஞ்சா அந்த நாலு பேரா தைப்பாங்க?"

"தையலு தையலுன்னு சும்மா ஒக்காந்திருக்க ஒரு சாக்கு!" என்று அவன் வாசலில் துப்பினான்.

லயத்தில் அடுத்த வீடான காம்பிராவிலிருந்து அவன் தங்கை பாலாமணி வெளியே வந்தாள். அண்ணன் வீட்டில் சண்டை என்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"லோகத்துல இவுகளுக்கு மட்டும்தான் எறங்கிருச்சு போல. பொம்பளயாப் பொறந்தா எல்லாந்தான் எறங்கும். எல்லாரும் ஆஸ்பத்திரில போயா காலை விரிச்சுக்கிட்டுக் கெடக்குறோம்? நீங்க ஒக்காருங்க மதினி, மகாராணி மாதிரி. நான் தூக்குறேன், பாத்துக்கங்க!"

கருப்பம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஓடிப்போய் அந்தக் கட்டைத் தலையில் தூக்கி அவள் முன்னால் போட்டுவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பாலாமணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். லயமே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. கட்டைத் தலைக்கு ஏற்றிவிட்டாள். நாலு எட்டு வைத்திருப்பாள், கட்டு சரிந்து விழுந்தது. அவள் பாதையிலேயே குந்தினாள். முழங்கால்கள் ஒன்றையொன்று நெருக்கின. கை சேலைக்குள் போய் எதையோ உள்ளே அமுக்கியது. தேடாமல் தடவாமல் போன அந்தக் கையைப் பார்த்தாலே தெரிந்தது, இது இன்றைக்கு வந்த கேடு இல்லை.

கருப்பம்மாள் மெல்ல இறங்கிப்போய் அருகில் நின்றாள்.

"கால் வழுக்கிருச்சு மதினி" என்றாள் பாலாமணி. பிறகு அடித்தொண்டையில், "வெளிய சொல்லிறாதீங்க."

கருப்பம்மாளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மனசார இருந்தது. நிரையில் முதலில் மூக்கைப் பொத்தியவள் இவள்தான். அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் வேறொரு கோபமும் புரண்டது. தானும் இப்படிச் சொல்லாமல் கிடந்துதானே அழுகினோம் என்ற கோபம்.

லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "இவளுக்கும் மூத்திரப்பை எறங்கிருக்கு! கால் வழுக்கல, ஒண்ணும் வழுக்கல!"

பாலாமணி முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஆண்கள் தலை குனிந்தார்கள். மூக்கன் ஓடிவந்தான். தங்கையைக் கைகொடுத்து எழுப்பினான். விறகுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, தங்கை வீட்டைப் பார்த்து நடந்தான். யாரும் சிரிக்கவில்லை.

தங்கச்சிக்கென்றால் மட்டும் சுமக்கத் தலை வணங்குகிறது! கருப்பம்மாள் பாதையின் நடுவில் போய் மறித்து நின்றாள்.

"அது நம்ம வெறகு. நம்ம வூட்டுல எறக்குங்க."

லயமே பார்த்துக்கொண்டிருந்தது. தலையில் ஏறிய கட்டை நடுவழியில் போட்டால் அது இன்னும் கேவலம். அவன் கழுத்து நரம்பு புடைக்க, திரும்பி, தன் வீட்டு அடுப்படியில் கொண்டுபோய் இறக்கினான். பிடரியைத் தடவிக்கொண்டே வெளியே வந்தான். கனம் இப்போது தெரிந்திருக்கும்.

கருப்பம்மாள் பாலாமணியிடம் திரும்பினாள்.

"திங்கக்கெழம டாக்டரம்மா பாப்பாங்க. நானும் வாரேன்."

பாலாமணி நிமிர்ந்து பார்த்தாள்.

"தொணைக்குன்னு நெனச்சுக்காத. அங்கயும் போயி கால் வழுக்கிருச்சுன்னு சொல்லுவ நீ."