திருப்பி வைத்த முட்டைகள்

ஹெட்விகா பெட்டியின் மூடியைத் திறந்தபோது ஒரு முட்டையில்கூடப் பென்சில் புள்ளி தெரியவில்லை.

அப்பா வைத்த புள்ளிகள். பாம்பு முட்டையை இட்ட நிலையிலேயே விட வேண்டும். கரு மேல்பக்கம் ஒட்டிக்கொண்ட பிறகு புரட்டினால் உள்ளேயே மூழ்கிச் சாகும். எது மேல்பக்கம் என்று மறக்காமலிருக்கத்தான் புள்ளி. இப்போது எல்லாப் புள்ளிகளும் ஈரப்பாசிக்கு அடியில் இருந்தன.

பக்கத்து அறையில் அப்பா ஓல்ட்ரிஹ் போர்த்தப்பட்டுக் கிடந்தார். விடியும்போது மூச்சு நின்றது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். சவப்பெட்டியோடு ஆட்கள் வர வேண்டும். தான் வளர்த்த பாம்பு முட்டையிடப் பல வருடம் காத்திருந்தவர், "பொரியிற வரைக்கும் பாத்துக்கோ" என்று நேற்றுதான் சொன்னார். அவளும் சரி என்றிருந்தாள்.

சமையலறையில் அம்மா மாவுப் பையைத் தூக்கி வைத்தாள். ஊறுகாய் ஜாடியை நகர்த்தினாள். ஒவ்வொன்றிடமும் குனிந்து, "வீட்டுக்காரர் போயிட்டார்" என்றாள்.

"அம்மா, பாம்பு முட்டையத் தொட்டியா?"

"தொடாம? சொல்லாம விட்டதெல்லாம் அவரோடயே போயிடும். உன் தாத்தா செத்தப்ப தேனீக்களுக்குச் சொல்ல மறந்துட்டோம். ஒண்ணுகூட மிஞ்சல."

"புரட்டினியா?"

"கோழி புரட்டலையா? ஒவ்வொண்ணாப் புரட்டிச் சொல்லி வெச்சேன்." பாம்புகள் இருக்கும் அறைக்குள் ஒருநாளும் காலெடுத்து வைக்காதவள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "ஜில்லுனு இருக்கும்னு நெனச்சேன். வெதுவெதுன்னு இருந்துச்சு. ஜில்லுனு இருக்கறது அவர் கைதான்."

ஹெட்விகா பாம்பு அறைக்குத் திரும்பினாள். திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஒரு முட்டையை எடுத்து டார்ச்சை ஒட்டிப் பிடித்தாள். கெட்ட முட்டை மஞ்சளாக, வெறுமையாகத் தெரியும். இது சிவந்தது. நரம்புகள் ஓடின. நடுவில் ஒரு பொட்டு துடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முட்டையை மெல்லப் பழைய நிலைக்குத் திருப்பினாள்.

"திருப்பாதே!" அம்மா வாசலில் நின்றாள். "அவர் இன்னும் வாசப்படியத் தாண்டல. நான் சொன்னத நீ அழிச்சா, முட்டைய எடுத்து அவர் கையில குடுத்த மாதிரி."

"அம்மா, அது அப்படி..."

மீதியைச் சொன்னால், நீதான் கொன்றாய் என்று சொன்னதாகிவிடும். நிறுத்திக்கொண்டாள்.

வாசல் மணி அடித்தது. ஆட்கள் இரண்டு பேர். பருத்தவன் தொப்பியைக் கழற்றிவிட்டு இங்குமங்கும் பார்த்தான்.

"பாம்புக்காரர் வீடுன்னாங்க. எல்லாம் பூட்டியிருக்கா அக்கா?"

"பயப்படாதே. உன்னை முழுங்குற அளவுக்கு எதுக்கும் வாய் கிடையாது" என்றாள் அம்மா. இருவருக்கும் பிளம் சாராயம் ஊற்றிக் கொடுத்தாள்.

அப்பாவைச் சவப்பெட்டியில் வைத்து மூடித் தூக்கினார்கள்.

"எந்திரி ஹெட்விகா. அவர் போறப்ப யாரும் உக்காந்திருக்கக் கூடாது."

அவள் எழுந்தாள். ஒரு கையில் முட்டை, மறு கையில் டார்ச். வாசல்நிலையில் சவப்பெட்டியை மூன்று முறை தட்டி விடைபெறச் செய்வது வழக்கம். முதல் தட்டலில் தரை அதிர்ந்தது. பொட்டு துடித்தது. இரண்டாவதில் தாமதித்துத் துடித்தது. மூன்றாவது தட்டலுக்குப் பிறகு அவள் காத்திருந்தாள்.

நரம்புகள் அப்படியே இருந்தன. பொட்டு அசையவில்லை.

வெளியே வண்டி கிளம்பிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் இருக்கா?" அம்மா கூடத்திலிருந்து கேட்டாள்.

"இருக்கும்மா."

"பாத்தியா? சொல்லி வெச்சா ஒண்ணும் போகாது." கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு அழுகை. காலையிலிருந்து அதுதான் முதல் அழுகை.

ஹெட்விகா முட்டையை அதன் குழியில் புள்ளி மேலே தெரிய வைத்தாள். மற்றவை கவிழ்ந்தபடியே கிடந்தன. அடுத்ததை நோக்கிக் கை போனது. தொடாமல் திரும்பி வந்தது.

டார்ச் அணையவில்லை. அதைத் தன் உள்ளங்கைக்கு அடியில் அழுத்திப் பிடித்தாள். விரலிடுக்குகள் சிவந்தன. நரம்பு தெரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.